முப்பது மாத்திரைகளும் ஒரு கேக் டின்னும்

வெண்டெல் பாஸ்கோவின் மனைவி அவரை விட்டுப் போகவில்லை. குளிரை விட்டுத்தான் போயிருந்தார். இந்த வித்தியாசத்தை வெண்டெல் ஊரில் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார், கேட்காதவர்களிடமும்.

புருங்கில் மலை மேல் இருக்கும் ஊர், ஜூனும் ஜூலையும்தான் இங்கே குளிர்காலம். ஜூன் பிறந்தால் காலையில் குழாயில் தண்ணீர் வராது, உறைந்திருக்கும். பாஸ்கோ வீடு கருங்கல் கட்டடம் என்பதால் உள்ளே வெளியைவிடக் குளிரும். கூடத்தில் விறகு போடும் இரும்புக் கணப்பு ஒன்று உண்டு. நாலு வருஷமாக அதில் நெருப்பு இல்லை. மின்சார ஹீட்டர் ஒன்று வைத்தால் நாய் அதன் முன்னால் படுத்துக்கொள்ளும், இரண்டு வைத்தால் ஃப்யூஸ் போகும். கிளெண்டா தன் தூங்கும் பையில் கைக்கு இரண்டு ஓட்டை வெட்டி, அதைப் போட்டுக்கொண்டே நாலு குளிர்காலம் சமைத்தார். ஐந்தாவது தொடங்கிய மே மாதத்தில், வடக்கே கெய்ன்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே ஜூலையிலும் செருப்போடு திரியலாம். தங்கை வேலை செய்யும், சுற்றுலாக்காரர்கள் வண்டியோடு வந்து தங்கும் கேரவன் பார்க்கில் ஆகஸ்டிலிருந்து அலுவலகத்தில் ஓர் இடம் காலி. வருவதா இல்லையா என்று கிளெண்டா ஜூலை முப்பத்தொன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

“அந்தத் தேதிக்குள்ள கணப்பு எரிஞ்சா நான் வரேன். எரியலன்னா நீ இங்க வா,” என்று சொல்லியிருந்தார்.

இருநூறு ஆடுகளையும் ஒரு நாயையும் வெண்டெல் எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்?

கணப்பை ஏன் மூட்டவில்லை என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். 2020 ஜனவரியில் ஊர்த் தீயணைப்புக் குழுவின் வண்டியை அவர்தான் ஓட்டினார். எல்லோருமே சம்பளமில்லாத் தொண்டர்கள். ஐந்து பேர் உள்ளே இருக்கும்போது காட்டுத்தீ சாலையைத் தாண்டி வண்டி மேலேயே போனது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதினொரு நிமிஷம் வண்டித் தரையில் கிடந்தார்கள். தீ போன பிறகு பார்த்தால் டயர் இல்லை, விளக்கு இல்லை, ஐந்து பேரும் இருந்தார்கள். அதன்பின் வெண்டெலுக்குப் புகை ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் ரொட்டி கருகினால்கூட காரை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்.

மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கொரு பயம் இருந்தது. குழுத் தலைவி நோலீன் டிராண்டர் தீவனக் கடை வைத்திருப்பவர். தீ அழைப்புக்கான பேஜர் ஒலித்தால் அவருக்குக் கை விறைத்துவிடும். கடைத் தராசும் அதே மாதிரி ஒலிப்பதால் அதை மூட்டை கட்டிவிட்டு, தவிட்டைக் கையால் நிதானித்து விற்றார். கை எப்போதும் கடைக்காரர் பக்கமே தவறியது. ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் டூகலால் வண்டிக் கதவைச் சாத்த முடியாது. கயிற்றால் கட்டித் திறந்து வைத்தே ஓட்டுவார், பனி கொட்டினாலும். கெஸ்லர் சகோதரர்கள் இருவருக்கும் வானம் ஆரஞ்சு நிறமாகக் கூடாது. சாயங்காலம் நாலரைக்கே திரையை இழுத்துவிட்டுச் சீட்டாடுவார்கள்.

இவர்களைத் தேடித்தான் கான்பராவிலிருந்து டாக்டர் இங்க்ரிட் ஓர் ஆய்வோடு வந்தார். மூன்று ஊர்கள், நாற்பது பேர். புதன்கிழமைதோறும் ஆறு வாரம். எதற்குப் பயமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவருவார். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு போத்தல், அதில் ஆறு மாத்திரை. சிலருடையதில் நிஜ மருந்து, சிலருடையதில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆய்வு முடிந்த பிறகுதான் பட்டியலைப் பிரிப்பார்கள்.

என் வேலை எண்ணுவது. உயிரியல் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். சுகாதார நிலையத்தின் பின்னறையில், கிறிஸ்துமஸ் ஜோடனைகளுக்கும் உடைந்த சக்கர நாற்காலிக்கும் நடுவே ஒரு மேசை. வாராவாரம் போத்தல்களில் மிச்சத்தை எண்ண வேண்டும், அவர்கள் எழுதும் குறிப்பேடுகளை வாங்கி வைக்க வேண்டும். ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிராது என்று சொன்னதால்தான் சேர்ந்தேன்.

முதல் நாள் வெண்டெல் கேட்டார்: “இந்த மாத்திரை பயத்தை அழிச்சிருமா டாக்டர்?”

“அழிக்காது. பயம் அங்கயேதான் இருக்கும். அதுக்குப் பக்கத்துல, இது வெறும் புகை, ஒண்ணும் ஆகாதுன்னு மூளை புதுசா ஒண்ணு கத்துக்கணும். கத்துக்கிறது உங்க வேலை. கத்துக்கிட்டது நிக்கிறதுக்குத்தான் மாத்திரை.”

வெண்டெல் ஆடு வளர்ப்பதோடு ஊருக்கெல்லாம் வேலி போட்டுக் கொடுப்பவர். சற்று யோசித்தார். “அப்ப நான் வேலிக்கால் நடணும். மாத்திரைதான் சிமெண்ட்.”

“அப்படியே வெச்சுக்கலாம்.”

“கால் கோணலா நட்டுட்டா?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “கோணலாவே இறுகிரும். அதனாலதான் பாதியில எந்திரிச்சு ஓடக் கூடாதுங்கிறேன். பயம் எறங்கற வரைக்கும் உக்காந்தே இருக்கணும்.”

பயம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் சொல்வது வழக்கம். எங்கள் ஆட்களிடம் அது செல்லவில்லை. டூகல் எல்லாவற்றுக்கும் “ஒரு நாப்பது” என்றார், டாக்டர் தேநீர் வேண்டுமா என்று கேட்டபோதும். அதனால் ஊர் எல்லையில் நிற்கும் தீ அபாயப் பலகையைப் போலவே அட்டையில் ஓர் அரைவட்டம் வெட்டி, முள் வைத்துக் கொடுத்தேன். பச்சை மிதம், மஞ்சள் உயர்வு, ஆரஞ்சு கடுமை, சிவப்பு பேரழிவு. உடனே எல்லோருக்கும் புரிந்தது. கெஸ்லர்களுக்கு மட்டும் ஆரஞ்சை நீலமாக்க வேண்டியிருந்தது.

முதல் வாரம் வெண்டெலின் முன்னால் எரிந்து அணைந்த ஒரு தீக்குச்சியை வைத்தார் டாக்டர். முள் சிவப்புக்குப் போனது. ஐம்பது நிமிஷம் அந்தக் குச்சியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வெண்டெல். முள் மஞ்சளுக்கு வந்தது. சட்டை முழுக்க வியர்வை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி. இரண்டாம் வாரம் ஒரு ஜாடி நிறையக் குச்சிகள். மூன்றாம் வாரம் கருகிய யூகலிப்டஸ் இலைகள். அன்று எழுந்து கதவு வரை போனவர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நான்காம் வாரம் எரியும் மெழுகுவர்த்தி.

அன்று என் மேசையிலிருந்தே, ஸ்பீக்கரில், கெய்ன்ஸுக்குப் போன் போட்டார்.

“கிளெண்டா, மெழுகுவர்த்தி வரைக்கும் வந்துட்டேன்.”

“சந்தோஷம். ஆனா மெழுகுவர்த்தில குளிர் காய முடியாது வெண்டெல்.”

“இன்னும் ரெண்டு வாரம் இருக்கில்ல. அடுத்த புதன் விறகு. அதுக்கடுத்த புதன் நம்ம கணப்பு. முப்பத்தொண்ணுதான் அன்னைக்கு.”

“எனக்கும் தேதி தெரியும்,” என்றார் கிளெண்டா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “பாத்துச் செய்.”

வெண்டெல் போன பிறகு போத்தல்களை எண்ணினேன். ஐந்திலும் இரண்டிரண்டு மிச்சம். கணக்குச் சரி. ஆனால் வெண்டெலின் போத்தலுக்குள் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. நோலீனுடையதிலும் இருந்தது. பிறகு டூகலின் குறிப்பேட்டைத் திறந்தேன். டூகல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவர். ‘பக்கவிளைவு’ என்ற இடத்தில் ‘பசி, ஆனால் முன்பும் இருந்தது’ என்று எழுதியிருந்தார். ‘மாத்திரை எடுத்த நேரம்: 9.00’ என்பதற்குக் கீழே அவரே ஒரு கோடு போட்டு எழுதியிருந்தார்: ‘எடுத்த இடம்: லாமிங்டன் டின்.’

லாமிங்டன் எங்கள் ஊர்க் கேக். மேலே தேங்காய்த் துருவல் தூவியிருக்கும். நோலீன் வாரம் ஒரு டின் செய்து தீயணைப்புக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்.

கொட்டகைக்குப் போனேன். புது வண்டிக்கு முன்னால் ஐந்து பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். நோலீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு டூகலைப் பார்த்தார்.

“இதை எதுக்குடா எழுதின?”

“கேட்டாங்களே.”

“எங்கன்னு கேக்கல. எத்தனை மணிக்குன்னுதான் கேட்டாங்க.”

“இடம் இருந்துச்சு,” என்றார் டூகல்.

நோலீன் ஒளிக்கவில்லை. டின்னை எடுத்து வந்து காட்டினார். முதல் வாரமே ஐந்து போத்தலையும் அதில் கொட்டினார்களாம். முப்பது மாத்திரை. மூடிக் குலுக்கி, புதன் காலை ஒன்பது மணிக்கு ஆளுக்கு ஒன்று. மிச்சத்தைத் திரும்ப எண்ணி ஐந்து போத்தலிலும் சமமாகப் போட்டுவிடுவார்களாம். அடுத்த புதன் மறுபடி கொட்டுவார்களாம்.

“உன் கணக்கு கெடக் கூடாதுன்னுதான் கண்ணு, எண்ணிப் போடறோம்,” என்றார்.

“ஆனா… ஏன்?”

எனக்குப் பதில் தெரியாதது அவருக்கு வியப்பாக இருந்தது. “பின்ன? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவுன்னு டாக்டரே சொன்னாங்க. அன்னைக்கு வண்டிக்குள்ள ஒரே ஒரு தண்ணி போத்தல். அஞ்சு பேரும் ஆளுக்கொரு வாய் குடிச்சு, சுத்தி வந்து, கடைசில கொஞ்சம் மிச்சம்கூட இருந்துச்சு. இப்ப இவனுக்கு மருந்து அவனுக்கு மாவுன்னா, நாங்க என்ன ஜென்மம்?”

கெஸ்லர் சகோதரர்கள் தலையாட்டினார்கள். “இப்பன்னா எல்லாருக்கும் பாதி கெடைக்கும்,” என்றார் மூத்தவர். “ஆளுக்கு மூணு நிஜம்,” என்றார் இளையவர்.

அப்படிக் கிடைக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்து முகமும் அவ்வளவு நியாயமாக இருந்ததால் சொல்லவில்லை.

நான் கிளம்பியபோது வெண்டெல் கூடவே வாசல் வரை வந்தார்.

“இதைச் சொன்னா என்ன ஆகும்?”

“உங்க அஞ்சு பேரையும் ஆய்வுலேருந்து எடுத்துருவாங்க. மாத்திரையை நிறுத்திருவாங்க.”

“ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்லேன் கண்ணு. ஒரு காய்ச்சல் வந்து நீ ரெண்டு வாரம் படுத்துட்டேன்னு வெச்சுக்க.”

ஒரு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வெண்டெலிடம் அதைச் சொல்ல முடியாமல் “பாக்கறேன்” என்று மட்டும் சொன்னேன். அன்று சாயங்காலம் வரை காரில் உட்கார்ந்து, எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். எனக்குப் போனில் பேச வராது. ஆனால் இதை எழுதினால் நானே ஜோடித்த கதை மாதிரி இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“டின்னைக் குலுக்கினாங்களா?” என்று கேட்டார் இங்க்ரிட்.

“ஆமா.”

“நல்லா?”

“நோலீன் குலுக்கினாங்க.”

“அப்ப நல்லாத்தான் குலுக்கியிருப்பாங்க.” பெருமூச்சு விட்டார். “மூணு வருஷமா இதுக்குப் பணம் கேட்டு எழுதினேன். பூட்டு போட்ட பெட்டி, கான்பராவுல ஒரு கம்ப்யூட்டர், அதுக்குக் காவலுக்கு ரெண்டு பேர். கேக் டின்னை யாருமே யோசிக்கல.”

மாத்திரைகள் திரும்பிப் போயின. ஐந்து பேரும் ஆய்வுக்கு வெளியே. ஆனால் தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது, மாத்திரை இல்லாமல் மிச்ச இரண்டு வாரத்தையும் முடித்துக் கொடுக்கிறேன் என்றார் இங்க்ரிட். விதிமீறல் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரே ஒரு வரி இடம் இருந்தது. ‘ஒருவருக்கு மட்டும் கிடைத்துவிடுமோ என்ற கவலை’ என்று எழுதினேன். அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பி, இன்னும் தெளிவாக எழுதச் சொன்னது.

நோலீன் என்னைக் கடை வாசலில் நிறுத்தினார். “நீ செஞ்சது சரிதான். எங்க குழுவுல ஒருத்தன் விதியை மீறினா நானும்தான் எழுதி அனுப்புவேன்.” சாய்ந்திருந்த தவிட்டு மூட்டையை நிமிர்த்தி வைத்தார். “ஆனா உனக்கு இனிமே லாமிங்டன் கெடையாது.”

ஐந்தாம் வாரம் நாலு பேர் வந்தார்கள். வெண்டெல் வரவில்லை.

“நீ போய்ப் பேசிப் பாரு,” என்றார் இங்க்ரிட்.

“நானா?”

“நான் போனா சிகிச்சை. நீ போனா சும்மா போனதா இருக்கும்.”

ஆற்றுப் பக்கத்து மேட்டில் வெண்டெல் வேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நாய் என்னை முகர்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை என்பது போலத் திரும்பிப் படுத்தது.

“சிமெண்ட் இல்லாம கால் நட்டு என்ன பிரயோஜனம்,” என்றார் வெண்டெல், நான் கேட்பதற்கு முன்பே. “முதல் ஆடு உரசினா சாஞ்சிரும். உன் மேல கோவமில்ல. கிளெண்டா நம்பரைக் கொடுத்திருக்கா, கேரவன் பார்க் நம்பர். அலுவலக நேரத்துல அதுல கூப்பிடணுமாம். இனி அலுவலக நேரம்தான் போல.”

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தெரிந்ததைச் சொன்னேன்.

“வெண்டெல், நீங்க எடுத்த நாலும் மாவா இருந்திருக்கலாம்.”

கடப்பாரை நின்றது. “எப்படி? பாதி நிஜம்னாங்களே.”

“நாப்பது பேர்ல பாதி. உங்க அஞ்சு பேர்ல எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு போத்தல் நிஜம்னு வெச்சா, டின்னுல கை விட்டு நாலு தடவையும் மாவே வர்றதுக்கு ஒம்பதுல ஒரு வாய்ப்பு இருக்கு. கணக்குப் போட்டுப் பாத்தேன்.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “அஞ்சு போத்தலுமே மாவாக்கூட இருந்திருக்கலாம்.”

“முப்பதும்?”

“இருக்கலாம்.”

“நோலீன் அவ்வளவு மரியாதையாக் குலுக்கினாளே.”

“ஆமா.”

வெண்டெல் கடப்பாரையைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. “அப்ப மெழுகுவர்த்தி? அன்னைக்கு ஒரு மணி நேரம் உக்காந்தேனே, அது யாரு?”

“அதுதான் யாருக்கும் தெரியாது. ஆனா உக்காந்தது நீங்க.”

அவர் குழியை எட்டிப் பார்த்தார். பிறகு, “இந்த மண்ணுல ஆழமாத் தோண்டினா சிமெண்ட் இல்லாமலும் நிக்கும்,” என்றார். “நேரமாகும். முதுகு போயிரும். அதான் யாரும் செய்யறதில்ல.”

ஜூலை முப்பத்தொன்று காலையில் பனி பெய்து ஓய்ந்திருந்தது. மதியம் நானும் இங்க்ரிட்டும் பாஸ்கோ வீட்டுக்குப் போனோம். விறகு வாரத்தைத் தவறவிட்டதால் மெழுகுவர்த்தியிலிருந்து நேராகக் கணப்புக்குத் தாவ வேண்டும். இங்க்ரிட்டுக்கு அது பிடிக்கவில்லை. வெண்டெல் தேதியைச் சுட்டிக்காட்டினார்.

கூடத்தில் ஏழு தீயணைப்பான்கள் வரிசையாக நின்றன. நனைத்த கம்பளி ஒன்று நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இதெல்லாம் பக்கத்துல இருந்தா மூளை என்ன கத்துக்கும்?” என்றார் இங்க்ரிட். “தீயணைப்பான் இருந்ததாலதான் தப்பிச்சோம்னு கத்துக்கும். எல்லாத்தையும் வெளிய வையுங்க.”

ஆறை வெளியே வைத்தார் வெண்டெல். ஏழாவதைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்தார். அதையும் எடுத்து என்னிடம் கொடுத்தார் இங்க்ரிட்.

அதை வெளியே வைத்துவிட்டு வரும்போதுதான் நான் பார்த்தேன்: ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீளமான ஆண்டெனாக் கம்பி. அதன் கீழே தீயணைப்பு வண்டி. வண்டிக்குள் தலைக்கவசத்தோடு நாலு பேர். டூகல் பக்கத்துக் கதவு பாதிதான் திறந்திருந்தது. அவருக்கு அது முன்னேற்றம்.

“நாங்க சும்மா வந்தோம்,” என்றார் நோலீன் ஜன்னல் கண்ணாடியை இறக்கி.

“தண்ணி எத்தனை லிட்டர் இருக்கு?” என்றேன்.

“மூவாயிரத்து ஐநூறு.”

“நீங்க இங்க இருந்தா அவருக்கு உதவாது நோலீன். நீங்கதான் ஏழு தீயணைப்பானுக்கும் மேல. தயவுசெஞ்சு போயிருங்க.” எப்படியோ சொல்லிவிட்டேன்.

நோலீன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்குப் பேச வரும்னு உங்கம்மா சொல்லவே இல்லையே,” என்றார். வண்டி பின்வாங்கி, கேட் வரை போய் நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

உள்ளே வெண்டெல் கணப்பின் முன்னால் மண்டியிட்டிருந்தார். காகிதம், சுள்ளி, மேலே ஒரு பிளந்த விறகு. தீக்குச்சியைக் கிழிக்க மூன்று முறை ஆனது. பற்றியது. கணப்பின் கதவைச் சாத்தினார்.

“பயம் எங்க இருக்கு?” என்றார் இங்க்ரிட்.

“மேல. உச்சில.”

“சரி. இருக்கட்டும். இருங்க.”

ஒரு நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கணப்பின் இடுக்குகளிலிருந்து புகை கசிந்தது. அப்புறம் கொட்டியது. மேலே போக வேண்டிய புகையெல்லாம் கூடத்துக்குள் சுருண்டு இறங்கியது. சாம்பல் நிறத்தில், கனமாக, எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்கு. நாய் முதலில் வெளியேறியது.

“இது… திட்டத்துல இல்ல,” என்றார் இங்க்ரிட் இருமிக்கொண்டே. “வெண்டெல், நிறுத்திக்கலாம். வெளிய வாங்க.”

வெண்டெல் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. உதடு அசைந்தது, என்ன எண்ணினார் என்று தெரியாது. வாசற்கதவைப் பார்த்தார். அது திறந்தே இருந்தது, கார் நேர் எதிரில். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடியிருந்தால் நானும் பின்னாலேயே ஓடியிருப்பேன்.

“குருவி,” என்றார்.

“என்ன?”

“புகைக்குழாயில குருவி கூடு கட்டியிருக்கு. நாலு வருஷமா என் வீட்டுல வாடகையில்லாம இருந்திருக்கு.” குரல் கிரீச்சென்று போய் வந்தது. “டாக்டர், குனிஞ்சு நில்லுங்க, கீழ காத்து இருக்கு. நீ அந்த ஜன்னலைத் திற. இல்ல, அது திறக்காது, அடுத்தது.”

கணப்பின் கதவைத் திறந்தார். எரியும் விறகையும் சுள்ளியையும் சாம்பல் கரண்டியால் வாரி, இரும்பு வாளியில் போட்டார். வாளியில் நெருப்பு நிமிர்ந்து எரிந்தது. அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, எங்களைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பனியில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். சீறி அணைந்தது.

அதற்குள் சைரன். கேட்டிலிருந்து புகையைப் பார்த்துவிட்டு வண்டி முற்றத்துக்குப் பாய்ந்து வந்தது. கெஸ்லர் சகோதரர்கள் வண்டி நிற்கும் முன்பே தண்ணீர்க் குழாயை உருவிக்கொண்டு குதித்தார்கள்.

“தண்ணியைத் திறந்தீங்கன்னா கொன்னுருவேன்,” என்றார் வெண்டெல். “புதுத் தரைவிரிப்பு.”

எல்லோரும் நின்றார்கள். நோலீன் வாளியைப் பார்த்தார், பிறகு வெண்டெலைப் பார்த்தார்.

“இதை யாரு தூக்கிட்டு வந்தது?”

வெண்டெல் தன் கையைப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு முழுக்க உதறியது, பல் அடித்துக்கொண்டது. டூகல் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தார். டூகல் சாய்ந்தால் யாரும் எழுந்துகொள்ள முடியாது. அது போதுமானதாக இருந்தது. இங்க்ரிட் மறுபக்கம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகையால்.

“இன்னைக்கு மாத்திரை போட்டுட்டு நீங்க ஓடியிருந்தா, ஓட்டம்தான் சிமெண்ட்டுல இறுகியிருக்கும்,” என்றார். “உங்க கேக் டின்னுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும் போல. இதை எந்தப் பத்திரிகைலயும் போட முடியாது.”

அரைமணி நேரம் கழித்து உதறல் நின்றது. புகைக்குழாயைக் கழற்றி, கெஸ்லர்கள் நீளக் கம்பியால் குத்தியதில் கூடு விழுந்தது. ஒரு வாளி நிறைய வைக்கோலும், கிளெண்டாவின் கம்பளி நூலும். குருவி இல்லை, குளிருக்கு அதுவும் எங்கேயோ போயிருந்தது.

“நான் மூட்டட்டுமா?” என்றார் நோலீன்.

“வேண்டாம்,” என்றார் வெண்டெல்.

இரண்டாவது முறை நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. டூகல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பிறகு குழாயிலிருந்து மெல்லிசாக ஒரு புகை நூல் எழுந்து, தடித்து, நேராக மேலே போனது.

நாலு மணிக்கு வெண்டெல் கேரவன் பார்க் எண்ணுக்கு வீடியோவில் கூப்பிட்டார். எங்களைப் போகச் சொல்லவில்லை, அதனால் இருந்தோம். திரையில் கிளெண்டா கையில்லாத சட்டையில், வெயிலில் சிவந்து இருந்தார். பின்னால் விசிறி ஓடியது.

“மூஞ்சி ஏன் கருப்பா இருக்கு?”

“புகை.”

கிளெண்டா திரைக்குப் பக்கத்தில் வந்தார். “எந்தப் புகை?”

“நம்ம புகைதான்.”

வெண்டெல் போனைத் திருப்பிக் கணப்பைக் காட்டினார். அது பழைய வீடியோ என்று கிளெண்டா நினைத்தாரோ என்னவோ, “கதவைத் திறந்து ஒரு விறகு போடு,” என்றார். வெண்டெல் போட்டார். பொறி பறந்தது. விறகு உள்ளேதான் விழுந்தது.

“எவ்வளவு நேரமா எரியுது?”

“ஒண்ணே முக்கால் மணி நேரமா. பயமாத்தான் இருக்கு கிளெண்டா. போகல.”

“போகாட்டிப் பரவால்ல.” அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி யாரிடமோ, “இல்ல ஷெரில், எனக்கு அந்த வேலை வேண்டாம், வேற யாரையாவது போட்டுக்கங்க,” என்றார். திரும்பி வந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கித் திரையை உற்றுப் பார்த்தார்.

“அது என்ன, என் சோபா சாம்பல் கலர்ல இருக்கு?”

நாங்கள் எல்லோரும் சோபாவைப் பார்த்தோம்.

“சனிக்கிழமை பஸ்ஸுல வரேன்,” என்றார் கிளெண்டா. “அதுக்குள்ள அங்க நிக்கிற நாலு பேரையும் வெச்சு அதை வெளிய தூக்கிப்போட்டுத் தட்டு. டூகல், நீ உக்காராத, தூக்கு.”